வெயிலைக் கணக்கில் வைத்து வயர் இழுங்கள்

செபராங் ஜெயாவில் குடியிருப்பவர்களுக்கு ஊர் சுற்ற ஒரு வசதி உண்டு. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. பட்டர்வொர்த்–கூலிம் விரைவுச்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போகிறது. 1985இல் திறந்த பினாங்குப் பாலம் சில நிமிடத் தொலைவு. விடியலில் வண்டியை எடுத்தால் மதியச் சோற்றைக் கேமரன் மலையிலோ, கிரிக் தாண்டி பண்டிங் ஏரிக்கரையிலோ பொங்கலாம். அதனால் நம் பிள்ளைகள் மோட்டார்ஹோம் வாங்குவதில் எனக்குச் சந்தோஷம்தான். வாயரிங் வேலையிலேயே தலை நரைத்தவன் என்பதால் வாங்கிய கையோடு என்னிடம் வருகிறார்கள். "அங்கிள், எந்த பேட்டரி நல்லது? எத்தனை வாட் சோலார் போடலாம்?"

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. அவர்கள் படித்துவிட்டு வரும் கையேடுகள் பெரும்பாலும் பிரிட்டனிலோ ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ எழுதியவை. அங்கே மின்சாரக் கணக்கைக் குளிரை வைத்துத்தான் போடுகிறார்கள். ஹீட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், உறைபனியில் பேட்டரி சார்ஜ் ஏறுமா, குளிர்காலச் சூரியனுக்குத் தகட்டை எவ்வளவு சாய்ப்பது என்றெல்லாம் போகும். நமக்கு இதில் எதுவும் வேண்டாம். நம் வண்டியில் மின்சாரத்தைத் தின்பது வெயில். குளிர்பெட்டியும் காற்றாடியும் ஏர்கோனும் அந்த வெயிலோடு மல்லுக்கட்டத்தான் ஓடுகின்றன. பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதும் வெயில்தான். தம்பி தங்கைகளே, இதை மனத்தில் நிறுத்திக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

1. வண்டி எந்த நாட்டுக்காகச் செய்தது என்று பாருங்கள்

கருமாரியம்மன் கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. நம் சாலையில் ஓடும் மோட்டார்ஹோம்களில் சில ஜப்பானிலிருந்து வந்தவை, சில பிரிட்டனிலிருந்து வந்தவை, மற்றவை இங்கேயே வேனையோ லாரியையோ மாற்றிக் கட்டியவை. மூன்றுக்கும் மின்சாரம் வேறு வேறு.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தட்டையான இரண்டு ஊசிப் பிளக் வண்டிச் சுவரில் இருந்தால், அதன் பின்னால் இருக்கும் சார்ஜர், மைக்ரோவேவ் எல்லாம் 100 வோல்ட்டுக்குச் செய்தவை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடாப்டர் ஒன்றை மாட்டி நம் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் ஒரு நொடியில் புகை வரும். மின்மாற்றி வைத்து 100 வோல்ட்டாகக் குறைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது கனமான சாமான், சும்மா இருக்கும்போதும் சூடாகும். அந்த 100 வோல்ட் பக்கத்தை முழுவதும் கழற்றிவிட்டு நம் நாட்டுச் சாமான்களைப் போடுவதுதான் என் யோசனை. 12 வோல்ட் விளக்கு, தண்ணீர்ப் பம்பு, காற்றாடி ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம். லாரி அடித்தளத்தில் கட்டிய வண்டியாக இருந்தால் இன்னொரு விஷயம்: எஞ்சின் பக்கம் பெரும்பாலும் 24 வோல்ட் இருக்கும், வீட்டுப் பக்கம் 12 வோல்ட். இரண்டையும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு வயரையும் தொடாதீர்கள்.

பிரிட்டன் வண்டியில் மின்சாரம் நம்முடையதேதான். பிளக்கும் அதே மூன்று சதுர ஊசிதான். வெளியிலிருந்து மின்சாரம் எடுக்க நீல நிற 16 ஆம்ப் இணைப்பு இருக்கும், அது நல்ல இணைப்பு, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கட்டிலுக்கடியில் உட்கார்ந்திருக்கும் ரூம் ஹீட்டர் நமக்கு எதற்கு? எரிவாயு வேலை தெரிந்தவரை வைத்துக் குழாயை முறையாக அடைத்துவிட்டு அதைக் கழற்றுங்கள். எடை குறையும். புது பேட்டரிக்கு, வெயில் படாத நல்ல இடமும் கிடைக்கும்.

2. சில வாரங்களுக்கு எதையும் வாங்காதீர்கள்

இருக்கிற பேட்டரியோடு, இருக்கிற விளக்கோடு பக்கத்தில் எங்காவது போய்த் தூங்கிவிட்டு வாருங்கள். கையில் ஒரு மல்டிமீட்டர், முடிந்தால் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர், ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் போதும். எந்தச் சாமான் எத்தனை ஆம்ப் இழுக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதுங்கள். வாட்டை மணியால் பெருக்கினால் வாட்-மணி. அதை 12.8ஆல் வகுத்தால் லித்தியம் பேட்டரியிலிருந்து எத்தனை ஆம்ப்-மணி போகும் என்று தெரியும்.

ஒரு சின்னக் குடும்பத்துக்கு நம் ஊர் வெயிலில் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும். கம்ப்ரசர் வைத்த குளிர்பெட்டி 45 வாட், நாளில் பாதி நேரம் ஓடினால் 540 வாட்-மணி. 20 வாட் காற்றாடி இரண்டு, பத்து மணி நேரம், 400. எல்இடி விளக்குகள் 80. போனும் மடிக்கணினியும் 150. தண்ணீர்ப் பம்பு 15. சின்ன ரைஸ் குக்கர் ஒரு வேளை 160. சட்னி அரைக்க மிக்சி 40. கூட்டினால் 1,385. அதாவது ஏறத்தாழ 108 ஆம்ப்-மணி. இதில் குளிர்பெட்டியும் காற்றாடியும் மட்டுமே மூன்றில் இரண்டு பங்கு! வெயில்தான் தின்கிறது என்று நான் சொன்னதற்கு இதுதான் கணக்கு.

இன்வெர்ட்டரை நாள் முழுக்க ஆன் செய்து வைத்திருந்தால், எதுவும் மாட்டாவிட்டாலும் அது 15 வாட் போலத் தானே தின்னும். 24 மணி நேரத்துக்கு 360 வாட்-மணி. காற்றாடிகள் ஓடும் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. சமையல் முடிந்ததும் இன்வெர்ட்டரை அணைப்பதற்கு ஒரு காசு செலவில்லை.

3. காசைக் கூரையில் முதலில் போடுங்கள்

உச்சிவெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் வெப்பத்தைக் கொட்டுகிறது. ஆறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலமுள்ள கூரையில் 12 கிலோவாட். உள்ளே ஓடும் எந்தச் சாமானும் இதற்கு ஈடு கொடுக்க முடியாது. அதனால் பேட்டரிக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை இங்கே கொண்டுவாருங்கள். கூரைக்கு வெப்பத்தைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு, முன்கண்ணாடிக்கு வெளிப்பக்கமாகப் போடும் திரை (உள்பக்கத் திரை போடும்போது கண்ணாடியைத் தாண்டி வெப்பம் உள்ளே வந்துவிடும்), சுவர் திறந்திருக்கும்போதே அடைக்கும் வெப்பத்தடுப்புப் பலகை, கூரையில் சூடான காற்றை வெளியே தள்ளும் 12 வோல்ட் காற்றாடி. கீழே ஒரு சன்னலை நிழல் பக்கமாகத் திறந்து, மேலே காற்றாடியை வெளிப்பக்கமாக ஓடவிட்டால் வண்டி முழுக்கக் காற்று நகரும்.

பழைய ஹாலஜன் விளக்கு இருந்தால் அன்றைக்கே எல்இடிக்கு மாற்றுங்கள். 10 வாட் இருந்த இடத்தில் 2 வாட் போதும், அந்த 8 வாட் சூடும் உள்ளே வராது.

சோலார் தகட்டையும் கூரை வேலையாகவே பாருங்கள். சட்டத்தில் ஏற்றி, அடியில் காற்றுப் போக இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி விட்டுப் பொருத்தினால் அது கூரைக்குக் குடையாகிறது. தகடும் குளிர்கிறது. சாதாரண சிலிகான் தகடு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு சக்தியை இழக்கும். நம் வெயிலில் தகடு 65 டிகிரி ஆவது சாதாரணம், அப்போது 14 விழுக்காடு போய்விடும். வளையக்கூடிய மெல்லிய தகட்டைக் கூரையோடு ஒட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. தகடும் வேகும், கூரையும் வேகும்.

4. குளிர்பெட்டியை மாற்றுவதுதான் பெரிய லாபம்

பழைய வண்டிகளில் மூன்று வழிக் குளிர்பெட்டி இருக்கும். எரிவாயு, 12 வோல்ட், 230 வோல்ட் மூன்றிலும் ஓடும். கம்ப்ரசர் கிடையாது, சூட்டைக் கொடுத்துக் குளிரை எடுக்கும் முறை. சத்தமே இல்லாத நல்ல பொருள், குளிர் நாட்டுக்கு. வெளியே 33 டிகிரி இருக்கும்போது அது திணறும். வண்டி சாய்ந்து நின்றாலும் திணறும். 12 வோல்ட்டில் வைத்தால் 100 வாட்டுக்கு மேல் ஓயாமல் இழுக்கும். மீன் வாங்கி வைத்தால் மறுநாள் மூக்கைப் பிடிக்க வேண்டிவரும். கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது, ஒரே ஒரு சாமான்தான் மாற்ற முடியும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: 12/24 வோல்ட் கம்ப்ரசர் குளிர்பெட்டி வாங்குங்கள்.

வாங்கி அலமாரிக்குள் அடைத்துவிட்டால் பாதிப் பலன் போய்விடும். பின்பக்கத்துச் சூடு வெளியேற வழி வேண்டும். கீழே ஒரு துவாரம், மேலே ஒரு துவாரம், நடுவில் கணினிப் பெட்டியில் இருக்கும் சின்னக் காற்றாடி ஒன்று. அந்தக் காற்றாடி தின்பது இரண்டு மூன்று வாட், மிச்சப்படுத்துவது அதைவிடப் பல மடங்கு. புறப்படுவதற்கு முதல் நாள் இரவே வீட்டு மின்சாரத்தில் ஓடவிட்டு, உள்ளே வைக்கும் சாமான்களையும் வீட்டிலேயே குளிர வைத்து ஏற்றுங்கள். தண்ணீர்ப் பாட்டிலை உறையவைத்து அடியில் வைப்பது நம் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி, அது இன்றைக்கும் நல்ல வழி.

5. ஏர்கோன் கேட்பவர்களுக்கு

கூரை ஏர்கோன் ஓடும்போது 1,000 வாட் போல எடுக்கும். இரவு ஆறு மணி நேரம், நின்று நின்று ஓடுவதால் அறுபது விழுக்காடு என்று வைத்தாலும் 3,600 வாட்-மணி. 280 ஆம்ப்-மணிக்கு மேல். அதாவது 100 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரி மூன்றை ஓர் இரவில் காலி செய்யும். கூரையில் 400 வாட் தகடு இருந்தால், திரும்ப நிரப்ப மூன்று நல்ல வெயில் நாள் வேண்டும்.

கைக்குழந்தையோ முடியாத பெரியவர்களோ கூட வந்தால் ஏர்கோன் போடுங்கள், ஆனால் பிளக் கிடைக்கும் முகாமிடத்தில் தங்குங்கள். மற்றவர்கள் மலையேறுங்கள். நூறு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 0.65 டிகிரி வெப்பம் குறையும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பிறையில் வியர்த்துக்கொண்டிருக்கும் அதே இரவில் அங்கே போர்வை தேடுவீர்கள்.

6. பேட்டரி: இப்போதுதான் இந்தப் பேச்சு

ஈய-அமில பேட்டரியில் 100 ஆம்ப்-மணி என்று எழுதியிருந்தால் பாதியைத்தான் எடுக்க வேண்டும். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் போய்விடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் எண்பது தொண்ணூறு விழுக்காடு வரை எடுக்கலாம். எடையும் பாதிக்குக் குறைவு. இரண்டாம் பகுதியில் கணக்கிட்ட 108 ஆம்ப்-மணிக்கு, ஒரு மழை நாளையும் சேர்த்துத் தாங்க, 200 ஆம்ப்-மணி லித்தியம் போதும். முகாமிடத்தில் பக்கத்து வண்டிக்காரர் 600 வைத்திருக்கிறார் என்றால் அவர் கணக்கு வேறு.

இந்த பேட்டரிக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு, பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. தென்தமிழகத்தின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்த ஆறுமுகம் மந்திரம், 1980களில் ஜான் குடினஃபுடன் சேர்ந்து, இரும்போடு சல்பேட் போன்ற தொகுதிகளைச் சேர்த்தால் கூடுதல் வோல்டேஜ் கிடைக்கும் என்று காட்டினார். அந்தத் தடத்தில் 1997இல் குடினஃபின் குழுவினர் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டார்கள். 2019இல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரம். பாஸ்பேட் தன் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும், சூட்டில் எளிதில் விடாது. போன் பேட்டரி வகைகளைவிட இது தீக்கு அஞ்சாமல் வண்டிக்குள் வைக்கத் தகுந்ததாக இருப்பது அதனால்தான். வெப்ப நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வேதியியல் கடையில் இப்போதைக்கு இல்லை.

அதற்காக வெயிலில் வைக்கலாம் என்று அர்த்தமில்லை. சார்ஜ் ஏறும்போது செல் 45 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் ஆயுள் நிற்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் 50 டிகிரி எளிதாக ஏறும். எஞ்சின் அறைப் பக்கம் வேண்டாம், வெயில் படும் வெளிப்பெட்டி வேண்டாம். தாழ்வான, நிழலான, காற்று நகரும் இடம் தேடுங்கள். இரண்டு மூன்று வாரம் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் முழுக்க நிரப்பி வைக்காமல் பாதி, அறுபது விழுக்காட்டில் விட்டுவிடுங்கள். முழு சார்ஜும் நம் ஊர்ச் சூடும் சேர்ந்தால் செல் வேகமாக மூப்படையும். "ஹீட்டர் உள்ள பேட்டரி" என்று கூடுதல் விலை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது உறைபனி நாட்டுக்கு.

7. வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். 230 வோல்ட் வீட்டில் 2,000 வாட் ஓட ஒன்பது ஆம்ப் போதும். அதே 2,000 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக எடுக்க 170, 180 ஆம்ப் ஓட வேண்டும். வீட்டு வாயரிங்கில் கைதேர்ந்தவர்கள்கூட இங்கே தவறுவது இந்த எண்ணைக் கண்முன் வைக்காததால்தான். அந்த ஓட்டத்துக்கு 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் வேண்டும், முடிந்த அளவு குட்டையாக. இன்வெர்ட்டரை பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு 230 வோல்ட் வயரை நீளமாக இழுங்கள். அதைத் தலைகீழாகச் செய்யாதீர்கள்.

சின்ன வயரிலும் இழப்பு உண்டு. குளிர்பெட்டி 5 ஆம்ப் எடுக்கிறது, பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர 12 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரானால் வழியிலேயே 0.7 வோல்ட் போய்விடும். பேட்டரியில் 12.2 இருந்தால் குளிர்பெட்டிக்குப் போய்ச் சேர்வது 11.5. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இன்னும் கீழே இறங்கும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று குளிர்பெட்டி தானே நின்றுவிடும். பேட்டரியைக் குறை சொல்லிப் புது பேட்டரி வாங்குவார்கள். 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தால் இழப்பு 0.2 வோல்ட்கூட வராது. அந்த வயருக்கும் புது பேட்டரிக்கும் உள்ள விலை வித்தியாசத்தை நீங்களே கடையில் கேட்டுப் பாருங்கள்.

பியூஸ் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. வயர் தாங்கும் ஓட்டத்தைவிடக் குறைவாக, பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் அதைப் போடுங்கள். பேட்டரிக்கும் பியூசுக்கும் நடுவில் உள்ள வயருக்குக் காவல் யாரும் இல்லை. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும், அதை அறுக்கும் திறன் உள்ள டி வகை (Class T) பியூஸ் வாங்குங்கள். மலிவுப் பியூஸ் உருகிய பிறகும் நெருப்புப்பொறி தொடர்ந்து ஓடும்.

கேபிள் முனையில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள், ஈயப்பற்று வேண்டாம். வண்டி குலுங்கக் குலுங்கப் பற்றுவைத்த இடம் விறைத்து ஒடியும். கடற்கரை ஊரில் இருக்கிறோம், உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கும். படகுக்காரர்கள் வாங்கும் வெள்ளீயம் பூசிய செம்பு வயரைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் இன்வெர்ட்டரில் கெட்டிலைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதைக் கழற்றி மறுபடி செய்யுங்கள்.

8. பேட்டரியை நிரப்ப மூன்று வழி

செபராங் ஜெயா பூமத்தியரேகைக்கு வடக்கே ஐந்தரை டிகிரிக்குள்தான் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முதல் பாதியிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். கூரையில் படுக்கவைத்த தகடே நமக்குச் சரியானது, சாய்க்கும் சட்டத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். மழைநீர் ஓடுமளவு சிறு சாய்வு போதும். 400 வாட் தகடு நல்ல வெயிலில் 1,200 வாட்-மணிக்கு மேல் தரும். மூட்டமான நாளில் அதில் கால்பங்கு கிடைத்தால் உண்டு. தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வைக்கும் எம்பிபிடி கன்ட்ரோலர் வாங்கும்போது தகடுகளின் மொத்தத் திறந்த சுற்று வோல்டேஜ் அதன் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிழலில் நிறுத்தினால் தகடு தூங்கும், வெயிலில் நிறுத்தினால் நாம் வேகுவோம். இந்தச் சிக்கலுக்கு என் வழி: வண்டி மரநிழலில், மடக்கும் தகடு ஒன்று பத்து மீட்டர் வயரோடு வெயிலில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நகர்த்தி வைக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் ஆகும்.

ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து நிரப்புவது மழைக்காலத்தில் கைகொடுக்கும். எஞ்சின் பேட்டரியையும் வீட்டுப் பக்க பேட்டரியையும் சேர்க்கும் பழைய ரிலேயை அப்படியே வைத்து லித்தியம் பேட்டரியை இணைக்காதீர்கள். அது கிடைப்பதையெல்லாம் உறிஞ்சும், நம் வெப்பத்தில் ஏற்கெனவே சூடாக இருக்கும் ஆல்டர்னேட்டர் கருகும். நடுவில் 30 ஆம்ப் டிசி–டிசி சார்ஜர் வைத்தால் அளவோடு எடுக்கும். ஈப்போ வரை இரண்டு மணி நேர ஓட்டத்தில் 60 ஆம்ப்-மணி ஏறிவிடும். 24 வோல்ட் லாரி வண்டிக்கு, 24ஐ 12ஆக மாற்றும் வகையைக் கேளுங்கள்.

மூன்றாவது, வீட்டுப் போர்ச் பிளக். 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் கேபிள் வாங்குங்கள், உருளையில் சுற்றியிருந்தால் முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். சுற்றிய கேபிள் உள்ளுக்குள்ளேயே சூடேறி உருகும்.

9. 230 வோல்ட் பக்கம் கை வைக்காதீர்கள்

12 வோல்ட் வேலையைப் பொறுமை உள்ளவர்கள் கற்றுச் செய்யலாம். 230 வோல்ட் பக்கத்தைச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிவு பெற்ற வாயர்மேனிடம் கொடுங்கள். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வெளி மின்சாரமும் இன்வெர்ட்டரும் எந்தச் சூழ்நிலையிலும் ஒன்றோடொன்று சேராதபடி மாற்றுச் சுவிட்ச் இருக்கிறதா? 30 மில்லிஆம்ப்பில் விழும் ஆர்சிடி (மின்கசிவைக் கண்டு அறுக்கும் சுவிட்ச்) இன்வெர்ட்டரில் ஓடும்போதும் வேலை செய்கிறதா? வண்டியின் உலோக உடல் எர்த்தோடு இணைந்திருக்கிறதா? இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டு மின்சாரத்தில் சோதித்தால் ஆர்சிடி விழும், இன்வெர்ட்டரில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் இருந்தால் விழாது. இரண்டு நிலையிலும் கண்முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஈரக் காலோடு வண்டிக்குள் ஏறும் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். சாமான்கள் சிரிம் முத்திரை உள்ளவையாக இருக்கட்டும்.

10. அடுப்படி

இண்டக்ஷன் அடுப்பு வேண்டுமென்றால் பெரிய இன்வெர்ட்டர், பெரிய பேட்டரி, பெரிய கேபிள் என்று எல்லாமே பெரிதாகும். எரிவாயு அடுப்பை வைத்துக்கொண்டு, மின்சாரத்தை ரைஸ் குக்கருக்கும் மிக்சிக்கும் மட்டும் விடுவது சின்னக் குடும்பத்துக்குப் போதும். 1,000 வாட் சுத்த சைன் அலை இன்வெர்ட்டர் ஒன்று இரண்டையும் ஓட்டும். மிக்சி கிளம்பும்போது எழுதிய வாட்டைவிடப் பல மடங்கு இழுக்கும், அதனால் 500 வாட் மிக்சிக்கு 600 வாட் இன்வெர்ட்டர் வாங்காதீர்கள். சோற்றை மதியம் வெயில் இருக்கும்போது வடித்துவிட்டால் பேட்டரியைத் தொடாமலே வேலை முடியும்.

எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். அதைக் கண்டுபிடிக்கும் கருவியைத் தரையை ஒட்டி மாட்டுங்கள். கதவோரம் ஒரு தீயணைப்பான்.

11. எடையும் ஜேபிஜேயும்

சேர்க்கும் ஒவ்வொரு பேட்டரியும் தகடும் எடைதான். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையைப் பதிவு ஆவணத்தில் பார்த்து, தண்ணீர், ஆட்கள், சாமான்களோடு எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். கூரையை வெட்டுவது, உடலின் அமைப்பை மாற்றுவது போன்றவற்றுக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியும் சோதனையும் தேவை. வேலை தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

12. இடி மழை

மாலையில் இடி கேட்கத் தொடங்கியதும் வெளி மின்சார கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பேட்டரியில் ஓட்டுங்கள். இவ்வளவு செலவு செய்து பேட்டரி போட்டது இந்த மாதிரி நேரத்துக்கும்தான்.

13. புது வேலை முடிந்ததும் தூரம் போகாதீர்கள்

முதல் இரவு வீட்டு வாசலிலேயே தூங்குங்கள். அடுத்து பட்டர்வொர்த் கடற்கரைப் பக்கம். அதன் பிறகு தைப்பிங். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் எல்லா நட்டு போல்ட்டையும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கிப் பாருங்கள், குலுக்கலில் முதல் சில பயணங்களில்தான் அவை தளரும். ஒவ்வொரு வயருக்கும் இரு முனையிலும் சீட்டு ஒட்டி, எது எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து பியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். மாற்றுப் பியூஸ் ஒவ்வோர் அளவிலும் இரண்டு, மல்டிமீட்டர், கிரிம்ப் கருவி, கொஞ்சம் வயர் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்படி அணைப்பது என்று கூட வரும் எல்லோரும், பத்து வயதுப் பிள்ளை உட்பட, ஒருமுறை கையால் செய்து பார்க்கட்டும். பாலிங், கிரிக் தாண்டிக் கிழக்கே போகும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் நெடுந்தூரத்துக்குக் கடை கிடையாது, இரவில் யானை சாலையைக் கடக்கும். பண்டிங்குக்குப் புறப்படும் முன் இந்தப் பை வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். வயர் வரைந்த தாளை ஒருமுறை என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.